ஐஸ் முதலாளியின் நாலு பக்கம்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்ந்தவர்களில், தான் செத்தால் மரண அறிவித்தலில் கூடத் தன் பெயரைப் போட விடமாட்டார் என்று ஊர் முழுக்க நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஐஸ் முதலாளிதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பல் திருத்தும் டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர். அவர் ஆங்கிலம் எழுதினால் அச்சடித்தது போல இருக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சொல்வார்களே தவிர, அண்மைக் காலத்தில் ஒருவரும் கண்டதில்லை. நாங்கள் அறிய அவர் இலக்கம் எழுதுவார், மீன் பெயர் எழுதுவார். மனிதருடைய பெயரை மட்டும் எந்தத் தாளிலும் எழுதமாட்டார். தன்னுடையதையும்தான்.

அவருடைய பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் கோபிப்பார். இந்தச் சஞ்சிகை அவர் கைக்குப் போய்ச் சேராது என்றுதான் நினைக்கிறேன். என்றாலும், ஐஸ் சுற்றி அனுப்பிய பழைய தாளாகவாவது போய்விட்டால்?

உட்துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில் அவருடைய ஐஸ் தொழிற்சாலை இருந்தது. தகரக் கூரை, எப்போதும் நனைந்த சீமெந்து நிலம், அமோனியா மணம். வாசலுக்கு மேலே நீளமான ஒரு பெயர்ப் பலகை. அதில் ஒரு எழுத்தும் இல்லை. எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறை நகரசபை உத்தியோகத்தர் வந்து கேட்டாராம்.

"என்ன ஐயா, நேம்போட்டை மறுவளமாக் கொழுவி வைச்சிருக்கிறீங்கள்?"

"போட் கட்டாயம் வேணுமெண்டுதானே கடிதம் போட்டனீங்கள்?"

"ஓம்."

"எந்தப் பக்கம் எண்டு அதில இல்லையே."

உத்தியோகத்தர் கடிதத்தை இன்னொருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடையாள அட்டை இல்லாமல் எங்கள் ஊரில் பாண் வாங்கவும் போக முடியாத காலம் அது. முதலாளி தன்னுடையதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பால்மாத் தகர ரின்னில் போட்டு, ரின்னை ஐஸ் அறையின் கடைசி மூலையில் வைத்திருந்தார். வீட்டுக்குப் புறப்படும்போதுதான் எடுப்பார். காவலரணில் நீட்டும்போது அட்டை வேர்த்து ஒழுகும். உச்சி வெயிலில் இரும்புத் தொப்பியோடு நிற்கிற சிப்பாய் அதை வாங்கி, படத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கன்னத்திலும் ஒற்றிக்கொள்வான். "ஐஸ் மாத்தயா, யன்ன, யன்ன" என்று விட்டுவிடுவான். அந்த வீதியில் எல்லோருடைய அட்டையையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவருடைய அட்டைக்கு மட்டும் காத்திருந்தார்கள்.

தொழிற்சாலையில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது. வேலையில் சேர்ந்த அன்று எந்த மீன் அதிகமாகக் கரைக்கு வந்ததோ, அதுதான் அவருடைய பெயர். ஒரு சூரை, ஒரு சுறா, ஒரு திருக்கை. ஆறடி உயரமும் ஐஸ் கட்டியை ஒற்றைக் கையால் தூக்கும் தோளும் உள்ள ஒருவர், மழைக்காலத்தில் வேறொன்றும் அகப்படாத நாளில் சேர்ந்தபடியால், நெத்தலி. என் கணவர் குளிரூட்டும் இயந்திரங்களைத் திருத்துகிறவர். கிளிவெட்டியிலிருந்து வந்து சேர்ந்த அன்று கரைவலையில் பாரை அள்ளிக் கொட்டியதாம். அதனால் அவர் பாரை.

கலியாணம் பேசி வந்தபோது எங்கள் வீட்டார் விசாரிக்கப் போனார்கள். அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, "அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை" என்று முதலாளியே திருப்பி அனுப்பிவிட்டார். என் கலியாணம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. சுறாதான் பின்னால் ஓடிவந்து, "ஐயோ, அது எங்கட பாரை" என்று காப்பாற்றினார்.

கலியாணத்துக்கு முதலாளி ஒரு பெரிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பரிசுகளைக் குறித்துக்கொண்டிருந்த என் மாமா கொப்பியோடு போய், "ஆரின்ர பேரில எழுதட்டும்?" என்றார்.

"எழுதாதேங்கோ. பின்னேரத்துக்கிடையில சாமானே இராது. பேரை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

அன்று சோடாப் போத்தல்கள் எல்லாம் அந்தக் கட்டியில் சாய்ந்து குளிர்ந்தன. நாலு மணிக்கு ஒரு ஈரச் சாக்கு மிச்சம். வந்த பரிசுகளில் எது யாருடையது என்று எனக்கு இன்று நினைவில்லை. அந்தச் சாக்கு மட்டும் நினைவிருக்கிறது.

இதெல்லாம் சிரிப்புக் கதைகள். நாங்கள் ஏன் ஊரை விட்டுப் போக நினைத்தோம் என்பது சிரிப்பல்ல.

பிள்ளை பிறந்த வருடம் எங்கள் பக்கம் மோசமாக இருந்தது. என் கணவர் வேலைக்குப் போக இரண்டு காவலரண்களைத் தாண்ட வேண்டும், வர இரண்டு. ஐந்தரைக்கு வருகிறவர் ஐந்தே முக்காலுக்கு வந்தால், அந்தக் கால் மணித்தியாலத்தில் எனக்குப் பால் வற்றிவிடும். பிள்ளை வீரிட்டு அழும். அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால்தான் மறுபடி சுரக்கும். இதை யாரிடம் சொல்வது? மருத்துவிச்சியிடம் சொன்னேன். "பூண்டு கூடச் சாப்பிடு பிள்ளை" என்றார்.

என் கணவரின் தமையன் வெளிநாட்டில் இருந்தார். குளிரூட்டி திருத்துகிறவர்களை அந்த நாடு எடுக்கிறது என்று விண்ணப்பப் படிவங்களை அனுப்பினார். எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். மூன்று முறை பென்சிலால், ஒரு முறை பேனையால். ஆறு மாதத்தில் கொழும்பிலுள்ள தூதரகத்திலிருந்து பதில் வந்தது. தொழில் தருநர் எழுதிய கடிதம் வேண்டும். அதில் தலைப்பில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், கடவுச்சீட்டில் உள்ளபடி ஊழியரின் முழுப்பெயர், வேலை, சேர்ந்த திகதி, மாதச் சம்பளம், எழுதியவரின் பெயர், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். அறுபது நாள் தவணை.

அந்தப் பட்டியலை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைத்தேன். துணி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் வாசித்தேன். முதலாளி செய்யமாட்டார் என்று ஊரறிந்த அத்தனையும் அதில் வரிசையாக இருந்தன. அவரைத் தெரிந்தவர் யாரோ கொழும்பில் இருந்துகொண்டு எழுதிய மாதிரி.

"நீங்கள் கேளுங்கோவன்" என்றேன் கணவரிடம்.

"என்னால ஏலாது. அந்த மனிசனிட்டப் போய் எழுதித் தாங்கோ எண்டு கேக்கிறதோ? நீர் வேணுமெண்டாப் போய்க் கேளும்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். முதலாளி ஐஸ் அறை வாசலில் ஒரு பிரம்புக் கதிரையில் இருந்தார். கம்பளிச் சால்வை போர்த்திய மனிதரைத் திருகோணமலை வெயிலில் அங்கே மட்டும்தான் காணலாம்.

"முதலாளி, ஒரு கடிதம் வேணும்."

"என்ன கடிதம்?"

"இவர் உங்களிட்ட வேலை செய்யிறார் எண்டு."

"ஆர் இல்லையெண்டது?"

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்ல. தூதரகத்தில கேக்கிறாங்கள்."

"அவங்களும் இல்லையெண்டு சொல்லேல்லத்தானே? பேந்தென்ன!"

பட்டியலை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். சம்மதம் என்று நினைத்தேன். முடிந்ததும் சொன்னார்.

"நான் கொழும்புக்கு வாறன் பிள்ளை. அந்தத் துரைக்கு முன்னால நிண்டு, இவன் என்ர ஆள், மாசம் இவ்வளவு குடுக்கிறன் எண்டு வாயால சொல்லுறன். தேத்தண்ணி கூடக் கேக்கமாட்டன்."

"வாயால சொன்னாக் காணாதாம் முதலாளி. எழுத்தில வேணுமாம்."

"வாயெண்டா ஆளின்ர முகத்தைப் பாக்கலாம். எழுத்தில என்னத்தைப் பாக்கிறது?"

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுதேன். என்னைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது. முதலாளி எழும்பி உள்ளே போனார். ஐஸ் துண்டு கொண்டுவரப் போகிறார் என்று நினைத்தேன். கொண்டுவந்தது சம்பளப் புத்தகத்தை.

"கொண்டு போய்க் காட்டுங்கோ. அஞ்சு வருசமும் இருக்கு. கவனம், ஈரம்."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் பக்கம் பக்கமாகப் போட்டோப் பிரதி எடுத்தேன். எடுக்கும்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். மாதா மாதம் சூரைக்கு இவ்வளவு, நெத்தலிக்கு இவ்வளவு, பாரைக்கு இவ்வளவு. என் பிள்ளை பிறந்த மாதத்திலிருந்து பாரைக்குக் கீழே புதிதாக ஒரு வரி. "குஞ்சு: பால்மா 1." ஒவ்வொரு மாதமும் அந்த வரி இருந்தது. மாதத் தொடக்கத்தில் என் கணவர் கொண்டுவரும் பால்மாப் பெட்டி அவர் தன் காசில் வாங்கியது என்று ஒன்றரை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் கணவரிடம் கேட்டேன். "முதலாளி சொல்ல வேண்டாமெண்டவர்" என்றார்.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்து அனுப்பினேன். எதையும் மறைக்கக் கூடாது என்று, பாரை என்பது என் கணவர்தான் என ஒரு விளக்கமும் நானே எழுதிச் சேர்த்தேன். சேர்த்தது சரியா, சேர்க்காமல் விட்டிருக்கலாமா என்று தபாலில் போட்ட பிறகு இரண்டு வாரம் யோசித்தேன். பதில் மரியாதையாகத்தான் இருந்தது. சமர்ப்பிக்கப்பட்ட பதிவேட்டில் விண்ணப்பதாரரின் பெயர் இல்லை. அதிலுள்ள மீனும் விண்ணப்பதாரரும் ஒருவரே என்பதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் வேண்டும். தொழில் தருநரின் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. மேலும் முப்பது நாள் தரப்படுகிறது. இதுவே இறுதித் தவணை.

என் கணவர் பாரைதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் சமாதான நீதவானாக இருந்தார். அவரிடம் போய் ஒரு சத்தியக்கடதாசி கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, நான் படிப்பிச்ச காலத்தில நூறு பேரைக் கழுதை எண்டு சொல்லியிருக்கிறன். அதுக்கு எண்டாலும் கையெழுத்து வைப்பன். மனிசனை மீன் எண்டு எப்பிடிப் பிள்ளை வைக்கிறது?"

மறுபடி முதலாளியிடம் போனேன். மூன்று தரம் போனேன். அச்சடித்த கடிதத் தலைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு வரி எழுதினால் காணும் என்றேன். பிள்ளைக்கு ஐஸ் துண்டு கிடைத்தது. எனக்குத் தேநீர் கிடைத்தது. கடிதம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை திரும்பி வரும்போது அவரை மனதுக்குள் திட்டினேன். என்ன திட்டு என்று எழுதமாட்டேன்.

தவணைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது இராணுவத்தின் சுற்றிவளைப்பு வந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆண்கள் எல்லோரும் அட்டையோடு மைதானத்துக்கு வர வேண்டும். என் கணவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். வேலை செய்யும் இடத்துக் கடிதம் காட்டியவர்களை விட்டார்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர், அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்பவர், கடைச் சிப்பந்தி, எல்லோரிடமும் ஏதோ ஒரு தாள் இருந்தது. ஐஸ் தொழிற்சாலை என்று வாயால் சொன்ன என் கணவரை லொறியில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் முதலாளியிடம் ஓடினேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. நல்ல வார்த்தை சொல்லியிருக்கமாட்டேன். "உங்கட மீன் கதையாலதான்" என்று கத்தியதை நெத்தலி பிறகு சொன்னார். முதலாளி சம்பளப் புத்தகத்தைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். நான் பிள்ளையோடு ஆட்டோவில் போனேன். முகாம் வாசலில் எனக்கு முன்னாலேயே நின்றார். அந்த வயதில் எப்படி மிதித்தாரோ.

வாசலில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெயிலில் நின்றார்கள். காவலில் நின்ற சிப்பாய் முதலாளியை அடையாளம் கண்டு சிரித்தான். "ஐஸ் மாத்தயா!" கையை நீட்டினான். முதலாளி அட்டையைக் கொடுத்தார். அன்று அது வேர்க்கவில்லை. ரின்னிலிருந்து எடுத்து நேரமாகிவிட்டது. அவன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிவந்தான். அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது.

"உங்கட ஆளா?"

"ஓம் சேர். அஞ்சு வருசமா. இஞ்ச பாருங்கோ, புத்தகம்."

அதிகாரி புரட்டினார். விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"சூரை... பாரை... இது மாளு, மீன். மனுசன் பேர் எங்க?"

முதலாளி பாரை என்ற வரியில் விரலை வைத்தார்.

"பேர் இல்லையா? அப்ப இந்த ஆள் உங்கட ஆள் இல்லை." புத்தகத்தை மூடி அவர் கையில் வைத்துவிட்டு அதிகாரி திரும்பினார். பிறகு என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாரோ என்னவோ, நின்று சொன்னார். "ஒரு வரி எழுதித் தாங்க. பேர் போட்டு, சைன் போட்டு. அரை மணித்தியாலம்."

வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அடியில் உடைந்த சீமெந்து வாங்கு. முதலாளி அதில் போய் இருந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எனக்குள் நிமிடங்கள் ஓடின.

"முதலாளி..."

"முந்தி நான் வடிவா எழுதுவன் பிள்ளை" என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "டொக்யாட்டில பழகினது. ஆள் சேர்ந்தா முழுப்பேர், தேப்பன் பேர், ஊர் எல்லாம் எழுத வேணும். ஐஸ் பக்டரி போட்ட காலத்திலயும் அப்பிடித்தான் எழுதினனான். வீட்டுக்குப் போற வழி கூட எழுதி வைச்சிருந்தன், கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கை, மூண்டாம் வீடு எண்டு. ஒருநாள் வந்து புத்தகத்தைக் கேட்டாங்கள். குடுத்தன். ஏன் குடுக்கக் கூடாது, நேர்மையான புத்தகம். அதைப் பாத்துக்கொண்டு நேர அந்தந்த வீட்டுக்குப் போனாங்கள். ஒரு வீடு மாறேல்ல. ஒருத்தரையும் வழி கேக்கேல்ல. என்ர எழுத்து அவ்வளவு தெளிவு. மூண்டு பேர் பிள்ளை. ஒருத்தரும் திரும்பி வரேல்ல."

யார் வந்து கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கமாட்டோம்.

பிள்ளையின் பையில் எப்போதும் ஒரு பேனை வைத்திருப்பேன், படிவம் ஏதும் நிரப்ப வேண்டி வந்தால் என்று. அதை எடுத்து நீட்டினேன். நீட்டியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் சில நாள் நினைக்கிறேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் வருவதில்லை. ஆனாலும் நினைக்கிறேன்.

அவர் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்தார். மேலே நடுவில் தொழிற்சாலையின் பெயரையும் முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதினார். சுவரைப் பார்த்திருந்த பலகையில் என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு என் கணவரின் முழுப்பெயர். பழைய ஆட்கள் சொன்னது பொய்யில்லை. அச்சேதான்.

ஒரு வரி என்றுதான் நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. இன்னொரு தாளைக் கிழித்தார். பிறகு இன்னொன்று. இருபது வருடமாக எழுதாத மனிதர் எழுதத் தொடங்கினால் அதை நிறுத்த ஒருவராலும் ஏலாது போலிருக்கிறது. தகப்பன் பெயர், பிறந்த ஊர், சேர்ந்த திகதி, அன்று கரைக்கு வந்த மீன். எந்த இயந்திரம் எந்தக் கோடையில் பழுதானது, அதை இவர் எத்தனை மணித்தியாலத்தில் திருத்தினார். ஒவ்வொரு வருடமும் மாதச் சம்பளம் எவ்வளவு, எப்போது கூட்டினார், ஏன் கூட்டினார். ஐந்து வருடத்தில் வேலைக்கு வராத நாள் நாலு. மூன்று கலியாணத்துக்கு, ஒன்று பிள்ளை பிறந்ததற்கு. மாதம் ஒரு பெட்டி பால்மா சம்பளத்தில் சேராது. ஆள் நேர்மையானவர், கொஞ்சம் கோபக்காரர், தேத்தண்ணிக்குச் சீனி அளவுக்கு மிஞ்சிப் போடுவார். சம்பளப் புத்தகத்தில் பாரை என்று இருப்பது இவரே. அப்படி எழுதியது என் விருப்பம், அவர் குற்றமில்லை. கடைசியில் தன் முழுப்பெயர், கையெழுத்து.

நாலு பக்கம். என் அலுமாரிக் கதவிலிருந்த பட்டியலில் ஒன்று கூட விடுபடவில்லை. அன்று நான் வாசித்துக் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த மனிதர், அத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதிகாரி நாலு பக்கத்தையும் கையில் எடைபோட்டார். "நான் ஒரு வரிதானே கேட்டது?" என்றார். உள்ளே கொண்டுபோனார். நாங்கள் காத்திருந்தோம். முதலாளி பிள்ளைக்குக் காட்டவென்று பையில் கைவிட்டார். ஐஸ் இல்லை என்று நினைவு வந்து வெறுங்கையை வெளியே எடுத்தார்.

நாலு மணிக்கு என் கணவர் வெளியே வந்தார். சேட்டில் கொலர் இல்லை. உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. முதலாளிக்கு முன்னால் வந்து நின்றார்.

"தேத்தண்ணி குடிச்சனியோ?" என்றார் முதலாளி.

"இல்லை முதலாளி."

"வா."

அவ்வளவுதான் பேசினார்கள். கடிதத்தை ஒவ்வொரு பக்கத்திலும் முகாமின் முத்திரை குத்தித் திருப்பித் தந்திருந்தார்கள், அடுத்த முறை காட்டலாம் என்று. அடுத்த முறை என்ற சொல்லைக் கேட்டதும் நான் முடிவெடுத்துவிட்டேன். மறுநாளே அந்த நாலு பக்கத்தையும் பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினேன்.

முகாம் முத்திரை குத்திய கடிதத்தைத் தூதரகத்தில் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். அவர்களோ தொழிற்சாலையை உறுதிப்படுத்த யாராவது நேரில் வரக்கூடும் என்று எழுதினார்கள். அதை முதலாளியிடம் சொன்னேன். உடனே ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். நெத்தலியும் சூரையும் பலகையைக் கழற்றித் திருப்பிக் கொழுவினார்கள். வெயில் படாத எழுத்து நேற்றுத் தீட்டியது போல நீலமாக இருந்தது. வீதியால் போனவர்கள் எல்லோரும் நின்று வாசித்தார்கள். காவலரண் சிப்பாய் சைக்கிளை நிறுத்தி, "ஆ, புதுக் கடையா?" என்றான். மீன் வியாபாரி ஒருவர் முதலாளியிடமே வந்து, "பழைய ஐஸ்காரர் வித்துப்போட்டாரோ?" என்று விசாரித்தார்.

ஐந்து வாரம் பலகை அப்படியே இருந்தது. ஒருவரும் வரவில்லை. விசா தபாலில் வந்தது. அன்று பின்னேரமே பலகை மறுபடி சுவரைப் பார்த்தது.

ஆனால் எழுதியது எழுதியதுதான். அவருடைய பெயரும் முகவரியும் முகாமில் குறித்துவைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை யாராவது தொழிற்சாலைக்கு வந்து ஆட்களை எண்ணிவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் வந்து சேர்ந்த பிறகு, சுறா தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும்.

புறப்பட்ட அன்று அவர் பேருந்து நிலையத்துக்கு ஒரு பிளாஸ்க் நிறைய ஐஸ் கொண்டுவந்தார். "பிள்ளைக்கு வழியில" என்றார். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டார்.

"அந்தக் கடுதாசி திரும்பி வந்திட்டுதோ?"

"ஓம் முதலாளி. பாஸ்போட்டோட சேர்த்து அனுப்பிவிட்டவங்கள்."

"அங்க போய் இறங்கினோடன எரிச்சுப்போடுங்கோ. நான் எழுதினது ஒண்டும் மிச்சம் இருக்கக் கூடாது."

"ஓம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கப்பல்துறைச் சோதனைச்சாவடியில் பிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மூடிக் கொடுத்தான். கொழும்பு போய்ச் சேரும்போது அது தண்ணீர். பிள்ளை அதையும் குடித்தாள்.

இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் சண்டை நிற்கவில்லை. முதலாளிக்கு எழுதினால் பதில் வராது, வரவும் கூடாது. எப்போதாவது சுறா எடுக்கும்போது பின்னால் இயந்திரச் சத்தமும், "குஞ்சு தமிழ் கதைக்குதாமோ? கேள்!" என்ற குரலும் கேட்கும். போன மாதமும் கேட்டது. "முதலாளி கேக்கிறார், அந்தக் கடுதாசியை எரிச்சாச்சோ?" என்றார் சுறா.

"எரிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். சத்தியம் செய்து சொன்ன ஒன்றை நான் மீறியது அதுதான் முதல் தடவை.

பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு, எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில், மீன் பொதிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கணவர் ஐந்தே முக்காலுக்கு வரும் நாட்களில் வெளியே எடுப்பேன். உறை வேர்க்கும். கன்னத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, எழுத்து உருக முன்னம் திரும்ப வைத்துவிடுவேன்.